தேசிங்கு கோட்டையில் ஒரு புளிசாதப் பொட்டலம்

செஞ்சியில் பேஸ்பால் பார்க்கிற ஆள், எனக்குத் தெரிந்து, ஒரே ஒருவர். அவர்தான் இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கிறார்.

வீட்டில் இரண்டு கறவை மாட்டைக் கட்டிவைத்துக்கொண்டு, பால், தயிர், மோர், நெய் எதையும் தொடாத ஆளும் ஊரில் ஒருவர் உண்டு. அதுவும் அடியேன்தான். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது. சொல்கிறேன், அவசரப்படாதீர்கள்.

2011 ஏப்ரல். பி.காம். முடித்துவிட்டு சென்னையில் ஒரு கம்பெனியில் நைட் ஷிஃப்ட். அமெரிக்காக்காரர்களின் கணக்கை ராத்திரியெல்லாம் கண்விழித்து எழுதுகிற உத்தியோகம். எனக்கு வாய்த்த கிளையன்ட், ஒஹாயோ மாநிலம் கிளீவ்லாந்தில் சின்னதாய் ஒரு தொழிற்சாலை வைத்திருந்த பெரியவர். எழுபதைத் தாண்டியவர். முதல் போனிலேயே பெருமூச்சு விட்டார். "இந்தியன்ஸ் ஆரம்பமே சரியில்லையப்பா..."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்ன சார் சொல்றீங்க? ஏப்ரல் 2-ம் தேதிதான் வேர்ல்டு கப்பே ஜெயிச்சோம்! தோனி அடிச்ச சிக்ஸரை நீங்க பார்க்கலையா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் நிசப்தம். அப்புறம் மனுஷர் சிரித்தார் பாருங்கள், பத்து நிமிஷம் இன்வாய்ஸ் பேச்சே எடுக்கவில்லை. அவர் ஊர் பேஸ்பால் அணியின் பெயர் அப்போது 'இந்தியன்ஸ்'. அமெரிக்கப் பழங்குடியினரைக் குறித்து வைத்த பெயர். அந்த மக்களே ஆட்சேபித்ததால் 2021 சீசனோடு அதை விட்டுவிட்டு 'கார்டியன்ஸ்' ஆகிவிட்டார்கள். ஸ்டேடியத்துக்குப் பக்கத்துப் பாலத்தில் பிரம்மாண்டமான கல்சிலைகள் காவலுக்கு நிற்கின்றன. அவற்றின் பெயர்தான் இப்போது அணிக்கு. நம்ம ஊர் எல்லையில் அய்யனார் நிற்கிறாரே, கிட்டத்தட்ட அதே வேலை.

ஆக, அந்த அணிக்கு அசல் இந்தியன் ஒருவன் ரசிகனாகச் சேர்ந்தது அப்படித்தான். ஆட்டத்தைப் பெரியவர் போனிலேயே கற்றுக்கொடுத்தார். ஒரு சீசனுக்கு ஓர் அணி 162 ஆட்டம் ஆடும். பத்துக்கு மூன்று தடவை ஒழுங்காக அடித்தாலே பேட்ஸ்மேன் பெரிய ஆள். பந்தில் 108 தையல். (நம்ம ஊர் நம்பர்!) 'ஹோம்' என்ற இடத்திலிருந்து கிளம்பி, மூன்று முனை சுற்றி, மறுபடி 'ஹோமு'க்கே திரும்பினால்தான் ஒரு ரன். "வீட்டுக்கு வந்து சேர்றதுக்கு ஒரு ரன்னா சார்? எங்க ஊர்ல அது தினமும் நடக்குமே" என்றேன். "உனக்கு இன்னும் வயசாகலை" என்றார்.

அவர்கள் கடைசியாக உலகத் தொடரை ஜெயித்தது 1948-ல். அப்போது அவருக்கு எட்டு வயது, அப்பாவோடு உட்கார்ந்து ரேடியோவில் கேட்டாராம். 1954-ல் சீசனில் 111 ஆட்டம் ஜெயித்துவிட்டுத் தொடரில் நாலுக்கு நாலும் தோற்றார்கள். 1995-ல் தோல்வி. 1997-ல் கடைசி ஆட்டம், கடைசி நேரம் வரை வந்து தோல்வி. "அடுத்த தடவை சேர்ந்து பார்ப்போம்" என்பார், ஏதோ நான் அடுத்த தெருவில் இருக்கிற மாதிரி. 2015-ல் தொழிற்சாலையைக் கைமாற்றிவிட்டு ஓய்வெடுத்துக்கொண்டார். போனும் நின்றுபோனது.

அடுத்த வருஷமே அணி ஃபைனலுக்கு வந்துவிட்டது!

எதிரி சிகாகோ கப்ஸ். அவர்கள் 1908-க்கு அப்புறம் ஜெயித்ததே இல்லை, அவர்கள் கதை நம்மைவிட மோசம். ஏழு ஆட்டத் தொடரில் நாம் 3-1 என்று முன்னால் நின்று, அப்புறம் 3-3. (கவனித்தீர்களா, 'நாம்' என்று எழுதிவிட்டேன். ரசிகன் புத்தி.) நம் ஊர்க் கணக்குக்கு 2016 நவம்பர் 3 காலை ஏழாவது ஆட்டம். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போகாமல், கேன்டீன் மூலையில் ஒரு செல்போனைச் சுவரில் சாய்த்துவைத்து இரண்டு பேர் பார்த்தோம். நானும், பக்கத்து ஸீட் நண்பனும். அவன் பரம சி.எஸ்.கே. வெறியன். பேஸ்பாலில் ஒரு எழுத்தும் தெரியாது. எனக்காக உட்கார்ந்திருந்தான்.

எட்டாவது இன்னிங்ஸில் ரஜாய் டேவிஸ் ஒரு ஹோம் ரன் அடித்தார். 6-6! கேன்டீன் மாஸ்டர் ஓடிவந்து என்ன உடைந்தது என்று கேட்டார். ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தும் டை. அப்போது பார்த்து மழை. பதினேழு நிமிஷம் ஆட்டம் நின்றது. அந்தப் பதினேழு நிமிஷத்தில் நான் ஒரு தப்புச் செய்தேன். எழுந்து போய் ஒரு ஸ்ட்ராங் காபி வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தால் சிகாகோ இரண்டு ரன் எடுத்துவிட்டது. 8-7. முடிந்தது.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு விளக்கவே வேண்டாம். சச்சின் ஆடும்போது காலை மாற்றி வைத்ததற்குத் தம்பியை அடித்த ஜனங்கள் நாம். அங்கேயே, அந்தக் காலி டம்ளரைப் பார்த்துச் சபதம் எடுத்தேன். கிளீவ்லாந்து ஜெயிக்கும்வரை பால் சம்பந்தப்பட்ட எதையும் தொடமாட்டேன். முட்டையும் கறியும் நைட் ஷிஃப்ட் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் ஏற்கெனவே நின்றுபோயிருந்தன. "மச்சான், அப்ப நீ இனிமே வீகன்டா" என்றான் நண்பன். வார்த்தையே அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். அடுத்த ஐந்தாம் நாள் ஐந்நூறு ரூபாய் நோட்டும் செல்லாது என்று அறிவித்துவிட்டதால், என் துக்கத்தை யாரும் சட்டை செய்யவில்லை.

அம்மாதான் செய்தாள். எங்கள் வீட்டில் பால் என்பது சாப்பாடு இல்லை, வருமானம். சொசைட்டிக்குப் பால் ஊற்றித்தான் என் காலேஜ் ஃபீஸ் கட்டினாள். பொங்கலுக்கு ஊருக்கு வந்து, டம்ளரைத் தள்ளிவைத்து விஷயத்தைச் சொன்னபோது அவள் கேட்ட கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. "தோத்தது அமெரிக்காக்காரன். எங்க லட்சுமி இன்னாடா பண்ணிச்சு? அதுவா போய் பந்து ஆடிச்சு?"

ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம் பேசினாள். "உன் விரதத்துக்கு நீயே ஆக்கிக்கோ."

ஆக்கிக்கொண்டேன். 2020 ஊரடங்கில் வேலையை விட்டுவிட்டு செஞ்சிக்கே வந்தபிறகு முழுநேரச் சமையல்காரன். பகலில் கடைக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு, ராத்திரி பத்திரிகைக்கு எழுத்து. அவர்கள் ஊரில் சாயந்தரம் ஏழு மணி என்றால் நமக்கு விடியற்காலை நாலரை. செல்போனை அரிசி டப்பாவில் சாய்த்துவைத்து, ஆட்டம் ஓட ஓட அடுப்பு வேலையும் ஓடும்.

வீகன் என்றதும் பாதாம் பால், சோயா என்று பட்டணத்துப் பட்டியலை நினைத்துக்கொள்ளாதீர்கள். அதெல்லாம் என் வருமானத்துக்குத் தாங்காது. ஆராய்ந்து பார்த்தால், எங்கள் பக்கத்துச் சமையலில் முக்கால்வாசி அப்படித்தான் இருக்கிறது. கத்திரிக்காய் கொத்சு, மொச்சைக்கொட்டைக் குழம்பு, கேழ்வரகுக் களி, கீரை மசியல், ரசம்... இதில் எங்கே பால் இருக்கிறது? நெய் என்பது எங்கள் வீட்டில் தீபாவளி, பொங்கலுக்கு வந்துபோகிற விருந்தாளி. மாடு வைத்திருக்கிறவன் வீட்டில்தான் பால் கம்மியாகச் செலவாகும். விற்றாக வேண்டுமே!

கஷ்டப்பட்டது இரண்டு விஷயத்தில். ஒன்று காபி. டிகாக்ஷனில் கருப்பட்டி போட்டுக் குடிக்கப் பழக எட்டு மாசம் ஆயிற்று. இரண்டாவது தயிர்சாதம். அதற்கு எங்கள் மண்ணே வழி சொன்னது. செஞ்சி, திண்டிவனம் பக்கமெல்லாம் வேர்க்கடலை பூமி. நாங்கள் 'மல்லாட்டை' என்போம். ராத்திரி ஊறப்போட்டு, அரைத்து, துணியில் வடிகட்டி, சிறு தீயில் அடிப்பிடிக்காமல் கிண்டிக் காய்ச்சி, கைபொறுக்கிற சூட்டில் நாலைந்து பச்சைமிளகாயைக் காம்போடு போட்டு மூடிவையுங்கள். அந்தக் காம்புதான் உறை. முதல் தடவை தண்ணியாகத்தான் வரும். அதையே அடுத்ததற்கு உறையாக ஊற்றினால் தேறிவிடும். கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டிவிட்டால் மல்லாட்டை வாசனை அடங்கிவிடும். அம்மா ஒருநாள் நான் பார்க்காதபோது ஒரு கரண்டி சாப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். கரண்டியைக் கழுவாமல் வைத்ததில் மாட்டிக்கொண்டாள்.

இதெல்லாம் பின்னணி. கதை 2025 ஆடி மாசத்தில் நடக்கிறது.

சனிக்கிழமை ராத்திரி நண்பன் திடுதிப்பென்று பஸ்ஸில் வந்து இறங்கினான். அதே கேன்டீன் நண்பன். "சும்மாதான்டா, கோட்டையைப் பார்க்கணும்னு தோணிச்சு" என்றான். பதினாலு வருஷப் பழக்கத்தில் அவனுக்குத் தோன்றாத ஆசை. அந்த ஜூலை 11-ல்தான் யுனெஸ்கோ எங்கள் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்திருந்தது. மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் பதினொன்று மகாராஷ்டிரத்தில், மிச்சம் ஒன்று செஞ்சி. பேப்பரில் படித்திருப்பான் என்று விட்டுவிட்டேன்.

விடியற்காலை எழுந்து புளிசாதம் கிண்டினேன். யாத்திரைக்கு அதுதான் சரி. பாலும் இல்லை, கெடவும் கெடாது. நல்லெண்ணெயில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. கடுகு, கடலைப்பருப்பு, கை நிறைய மல்லாட்டை, வரமிளகாய், பெருங்காயம் தாளித்து, கெட்டிப் புளிக்கரைசலை ஊற்றி, எண்ணெய் மேலே மிதக்கிறவரை கொதிக்கவிட வேண்டும். தனியா, வெந்தயம், எள் வறுத்த பொடியைக் கடைசியில் தூவி இறக்கி, ஆறின சாதத்தில் பிசைந்து வாழையிலையில் கட்டினேன். பக்கத்தில் ஆட்டம். கிளீவ்லாந்து அந்த ஜூலையில் ஒரு கட்டத்தில் டெட்ராய்ட் அணிக்கு 15½ ஆட்டம் பின்னால் கிடந்தது. கிட்டத்தட்ட சமாதி கட்டியாகிவிட்டது.

கோட்டை பஸ் ஸ்டாண்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர், திருவண்ணாமலை ரோட்டில். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்று. மூன்றையும் சேர்த்து வளைத்துச் சுமார் 13 கிலோமீட்டருக்கு மதில். பாறைகளைப் பார்த்தால், யாரோ ராட்சசப் பையன் கோலி ஆடிவிட்டுக் குவித்துப் போட்டுப் போன மாதிரி இருக்கும். வெயில் ஏறுவதற்குள் மேலே போய்விட வேண்டும். தண்ணீர் இரண்டு பாட்டில் கட்டாயம். பொட்டலத்தைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு போகாதீர்கள். குரங்குகள் நம்மைவிட நன்றாகக் கேட்ச் பிடிக்கும்.

கீழே கல்யாண மகாலைச் சுற்றிக்காட்டினேன். அடுக்கடுக்காக மேலே போகிற கோபுரம். பக்கத்தில் குதிரை லாயம், தானியக் களஞ்சியம். நண்பன் 'உம், உம்' என்று வந்தான். செல்போனைக்கூட எடுக்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ராஜகிரி 800 அடி. படி ஒவ்வொன்றும் முழங்கால் உயரம் இருக்கிற மாதிரி ஒரு பிரமை. பாதியில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது சரித்திரம் சொன்னேன். (மூச்சு வாங்குவதை மறைக்க அதுதான் மரியாதையான வழி.) 1677-ல் சிவாஜி இந்தக் கோட்டையைப் பிடித்தார். அவர் மகன் ராஜாராம் இங்கே வந்து தங்க, ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்ஃபிகர் கான் 1690-லிருந்து 1698 வரை முற்றுகை போட்டான். ஏழு வருஷத்துக்கு மேல்! கோட்டை விழுவதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார்.

"ஏழு வருஷம் ஒரே ப்ராஜெக்டா? அப்ரைஸல்ல என்ன போட்டிருப்பான்?" என்றான் நண்பன். அன்றைக்கு அவன் அடித்த ஒரே ஜோக்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே பாறை இரண்டாகப் பிளந்து பள்ளம் கிடக்கிறது. அதன்மேல் ஒரு பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருப்பவனை எவனும் நெருங்க முடியாது. தாண்டிப் போனால் ரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, ஒரு பீரங்கி, அப்புறம் காற்று. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ராணிக்கோட்டை என்கிற கிருஷ்ணகிரி, சுற்றிலும் பச்சை வயல். மதில் நிழலில் பொட்டலத்தைப் பிரித்தோம்.

அப்போதுதான் தேசிங்கு கதையை எடுத்தேன். அவன் அப்பா சொரூப்சிங் இந்தக் கோட்டைக்கு அதிகாரி. 1714-ல் அவர் போனதும் மகன் உட்கார்ந்தான். வயசு இருபத்திரண்டு. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கப்ப பாக்கியைக் கேட்டார். (எல்லாச் சண்டைக்கும் அடியில் ஒரு ரிசீவபிள்ஸ் கணக்கு இருக்கிறது. பி.காம். படித்தவனுக்குத்தான் இது தெரியும்.) நவாபின் பெரிய படைக்கு எதிரே சில நூறு குதிரைகளோடு தேசிங்கு இறங்கினான். 1714 அக்டோபர் 3. செத்தான். பத்தே மாசம் ஆண்டவன். அவன் ராணி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாக நவாபே உண்டாக்கிய ஊர்தான் ராணிப்பேட்டை என்பார்கள்.

"ஜெயிச்ச நவாப் கீழே மசூதி கட்டியிருக்கார், போகும்போது காட்டறேன். ஆனா தெருவெல்லாம் பாடினது தேசிங்கைத்தான். 1960-ல எம்.ஜி.ஆர். நடிச்சதும் ராஜா தேசிங்காத்தான். அதைவிட மகபத்கான் இருக்கானே... தேசிங்கோட சிநேகிதன். கல்யாணப் பந்தல்ல இருந்து எழுந்து, குதிரை ஏறி வந்து, சண்டையில செத்தான்னு கதைப்பாட்டு சொல்லுது. அவனுக்கு நாடு இல்லை, பாக்கி இல்லை, ஒண்ணுமில்லை. சிநேகிதன் தோக்கப்போறான்னு தெரிஞ்சே வந்தான்" என்று உணர்ச்சிவசப்பட்டு முடித்தேன்.

நண்பன் புளிசாதத்தைப் பார்த்தபடியே சொன்னான். "என்னைத் தூக்கிட்டாங்கடா."

"என்ன?"

"வேலையை விட்டு. போன வெள்ளிக்கிழமை. பதினாலு வருஷம் மச்சான். மூணு கம்பெனிக்காரன் கூப்பிட்டான், போகலை. இருபது நிமிஷம் பேசினாங்க. ஸீட்டுக்கு வர்றதுக்குள்ள லாகின் போயிடுச்சு. வீட்ல இன்னும் சொல்லலை."

எனக்குப் பேச்சே வரவில்லை. தேசிங்கு, மகபத்கான் எல்லாம் தொண்டையில் புளிசாதத்தோடு சேர்ந்து அடைத்துக்கொண்டார்கள்.

"நீ தேசிங்கு கதை சொல்றே. நான் யாருக்காகடா சண்டை போட்டேன்? உன்னைக் கேக்கறேன். என்னை ஒரு கம்பெனி ஏமாத்திடுச்சுன்னு நான் உக்காந்திருக்கேன். நீ இன்னொரு கம்பெனிக்காக ஒம்பது வருஷமா காபி குடிக்காம உக்காந்திருக்கே. கிளீவ்லாந்துக்காரனுக்கு உன் பேராவது தெரியுமா? அவன் தன் பேரையே மாத்திக்கிட்டான்!"

நியாயமான கேள்வி. யோசித்தேன். என்ன சொல்லலாம்? பெரியவரைச் சொன்னேன். "சேர்ந்து பார்ப்போம்" என்றவரைச் சொன்னேன். 2016-ல் அவர் பார்த்தாரா, இருந்தாரா என்றுகூட எனக்குத் தெரியாது. "டீமுக்காக இல்லைடா. அவர் எங்கேயாவது ரேடியோ வச்சுக் கேட்டுக்கிட்டு இருந்தா, இந்தப் பக்கம் ஒருத்தன் இருக்கணும் இல்லையா, அதுக்காக. கம்பெனிக்கும் இதுக்கும் ஒரே வித்தியாசம்தான். இதுல நான் எப்ப வேணா விட்டுட்டுப் போகலாம். எவனும் கேக்கமாட்டான்."

"அப்ப விட்டுட்டுப் போயேன்."

"2016, 17-ல உன் சி.எஸ்.கே.யையே சஸ்பெண்ட் பண்ணினாங்களே, நீ ஏன் வேற டீமுக்குப் போகலை?"

அவன் பதில் சொல்லவில்லை. 2018-ல் காவிரிப் போராட்டத்தால் சென்னை ஆட்டங்கள் புனேக்குப் போனபோது, மஞ்சள் சட்டையோடு ஸ்பெஷல் ரயில் ஏறிய கூட்டத்தில் இவனும் ஒருவன். 2025-ல் அணி கடைசி இடத்துக்குப் போனதில் சட்டையை மடித்து உள்ளே வைத்திருந்தான். அதுவும் அப்போதுதான் சொன்னான். கொஞ்ச நேரம் காற்று மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அந்த இடைவெளியில் குரங்கு ஒன்று வந்து அவன் பொட்டலத்தை இலையோடு எடுத்துக்கொண்டு மணிக்கூண்டுப் பக்கம் ஓடிவிட்டது. மிச்சமிருந்த என் பொட்டலத்தை இரண்டு பேரும் தின்றோம்.

இறங்கும்போது மூட்டு கெஞ்சியது. வழியில் ஒரு மாரியம்மன் கோயிலில் ஆடிக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கர் காதைக் கிழித்தது. நான் வாயைத் திறப்பதற்குள் நண்பன் முந்திக்கொண்டு கேட்டான்: "அண்ணே, மோர் கலந்ததா, கலக்காததா? இவன் வேண்டுதல்." ஊற்றுகிறவர் என்னை ஒருமாதிரி பக்தியோடு பார்த்து, மோர் சேர்க்காத குண்டானிலிருந்து மொண்டு கொடுத்தார். என்ன வேண்டுதல் என்று கேட்கவில்லை. நல்லவேளை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அவன் முகத்தைப் பார்த்தே ஏதோ புரிந்துகொண்டாள். "இன்னா தம்பி, சரியாச் சாப்பிடலையா?" என்று ஒரு சொம்பு பாலைக் காய்ச்சி எடுத்துவந்தாள். அவன் முழுசாகக் குடித்தான். அன்றைக்குச் சாயந்தரம், பஸ் ஏறும் முன்பு, ஸ்டாண்டிலேயே நின்று மனைவிக்கு போன் பண்ணி விஷயத்தைச் சொன்னான். நான் நாலு அடி தள்ளி நின்று மல்லாட்டை வாங்குகிற மாதிரி பாவனை செய்துகொண்டிருந்தேன்.

அப்புறம் நடந்ததை நான் எழுதினால் கட்டுக்கதை என்பீர்கள், ரெக்கார்டில் இருக்கிறது. 15½ ஆட்டம் பின்னால் கிடந்த கிளீவ்லாந்து எழுந்து வந்து, செப்டம்பர் கடைசியில் டெட்ராய்டைத் தாண்டி டிவிஷனைப் பிடித்துவிட்டது! அந்த விளையாட்டு சரித்திரத்தில் அவ்வளவு தூரம் பின்தங்கி யாரும் அதுவரை டிவிஷனை ஜெயித்ததில்லை. நண்பன் விடியற்காலை போன் பண்ணி, "மச்சான், காபி ஆர்டர் பண்ணிடவா?" என்றான். அவனுக்கு அதுவரை வேலை கிடைக்கவில்லை.

அடுத்த சுற்றிலும் அதே டெட்ராய்ட்தான் எதிரி. மூன்று ஆட்டம். ஆளுக்கு ஒன்று ஜெயித்து, மூன்றாவது நம் கணக்குக்கு நள்ளிரவு தாண்டி ஆரம்பித்தது. இரண்டு பேரும் போனில் லைனிலேயே இருந்தோம். 6-3. போயிற்று. மணி மூன்றரை இருக்கும். காலண்டரைப் பார்த்தேன். அக்டோபர் 3.

"டேய், இன்னிக்குத்தான்டா தேசிங்கு..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும், நீ சொன்னே. நான் வைக்கறேன்டா. ஒம்பது மணிக்கு ஒரு இன்டர்வியூ இருக்கு, கொஞ்சம் தூங்கணும்" என்றான்.

அம்மா மாட்டுக்குத் தண்ணி காட்ட எழுந்து வந்தாள். லைட்டைப் போடாமலே என்னைப் பார்த்தாள்.

"இந்த வருசமும் இல்லியா?"

"இல்லைம்மா."

பால் குண்டானை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் நடந்தவள், கதவருகில் நின்று சொன்னாள். "தெரியும்டா. மல்லாட்டை ஊறவச்சிக்கிறேன் பாரு, அந்தப் பெரிய குண்டான்ல. வடிகட்டும்போது துணியைப் புழிஞ்சு எடு. போனதடவை பாதியை வீணடிச்சுட்டே."